ஆறு பேருக்கு இரண்டு பட்டை

1. திங்கட்கிழமை

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். புட்டு, பயறு, கட்டன் சாயா. மதியத்துக்குச் சோறும் மீன் குழம்பும் டப்பாவில் அடைத்தேன். எங்கள் ஊரான செங்கலில் இருந்து பாறசாலை ஸ்டேஷன் வரை கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் சற்றுத் தாமதம். வழக்கமான பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர் இருக்கையில் டப்பாப் பையையும் குடையையும் வைத்து இரண்டு பேருக்கு இடம் பிடித்தேன்.

நான் ப்ரோகிராம் மேனேஜர். அலுவலகம் கழக்கூட்டத்தில். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் பெரிய கம்பெனி அது. பல ஊர்களில் கிளைகள் உண்டு. ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங், லேப், பார்மசி என்று மருத்துவமனையின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டீம். அடுத்த மூன்று மாதத்தில் எந்த டீம் எதை முடிக்கும் என்பதை ஒரே தாளில் கொண்டுவந்து, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த மூன்று மாதத்துக்குக் குவார்ட்டர் என்று பெயர். அந்தத் தாளுக்கு ரோடுமேப்.

தாள் என்று சொன்னாலும் அது திரையில் இருப்பது. டீமுக்கு ஒரு வரிசை. வரிசையில் வேலைக்கு ஒரு பட்டை. ஒரு டீமின் வேலை முடிய இன்னொரு டீமும் ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்றால், இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு கோடு. அதை டிபெண்டென்சி என்போம். கேட்கிற டீம்தான் கோட்டைப் போட வேண்டும். கொடுக்கிற டீம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள் போட முடியாது. ரோடுமேப் போடுகிற நானும் போட முடியாது. மென்பொருள் அனுமதிக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

தனுவச்சபுரத்தில் செல்வின் ஏறினார். நோட்டிஃபிகேஷன் டீமின் லீட் அவர். எங்கள் மென்பொருளில் இருந்து யாருக்கு என்ன செய்தி போனாலும் அந்த டீம் வழியாகத்தான் போகும். நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல், டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை எச்சரிக்கை, மருந்து தீர்ந்தால் ஸ்டோருக்குத் தகவல், எல்லாம். அமரவிளையில் பில்லிங் டீம் லீட் ஜெயன் ஏறினார். நெய்யாற்றின்கரையில் லேப் டீம் லீட் பிந்து. பிடித்து வைத்த இடம் இரண்டு பேருக்குத்தான் என்பதால், ஜெயன் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டேதான் கேட்டார்.

"எலே செல்வினே, அடுத்த குவார்ட்டர்ல எனக்கு ஒரு சமாச்சாரம் உண்டு. பில்லைத் தவணையா அடைக்கிற ஆளுக்கு, தவணை நாளுக்கு முந்தி ஒரு மெசேஜ் போகணும். ஏழு மொழியில. நீ செய்து தரணும்."

"ஏழு மொழியிலயா?"

"ஏழே ஏழு. உனக்க டீம்ல ஆறு பேரும் பின்னே என்னத்த செய்யுதானுவ? மெசேஜ் அனுப்பத்தானே? எனக்க அம்மை காலையில எந்திச்சதும் குட்மார்னிங் அம்பது பேருக்கு அனுப்புதா. தனியாட்டு."

"அம்மைய இன்டர்வியூக்கு வரச் சொல்லு. உன்னைக் காட்டிலும் வேகம் உண்டும்."

பிந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவரும் கேட்டார். "செல்வின் சேட்டா, எனக்க ரெண்டு காரியம் மறக்காண்டாம் கேட்டியளா."

"மறக்கல்ல. செய்து தாறேன்."

நான் சொன்னேன். "இதையெல்லாம் தாள்ல எழுதுங்க. தாள் புதன்கிழமை மூடும்."

ஜெயன் என்னைப் பார்த்தார். "அக்கா, நமக்குள்ள எழுத்தாக்கும்? ஒரே வண்டியில இருந்துட்டு, ஐயா தயவுசெய்து இதைச் செய்து தாருங்கன்னு அவனுக்கு ரிக்வெஸ்ட் போடவா? நாளைக்கு அவன் எனக்க மூஞ்சியில முழிப்பானா?"

இது அவர் ஒருவரின் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த அலுவலகத்தில் நிறைய. ஒருவருக்கொருவர் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் போய் நிற்பவர்கள். தெரியாதவனிடம் எழுதிக் கேட்கலாம். தெரிந்தவனிடம் எழுதிக் கேட்டால் அவன் வாய்ச்சொல்லை நம்பவில்லை என்று அர்த்தம். அதனால் வண்டியில் கேட்பார்கள், செல்வின் சரி என்பார், சொன்னபடி செய்தும் கொடுப்பார். வேலை முடிந்த பிறகு "பில்லிங் முடிந்தது", "லேப் முடிந்தது" என்று அந்தந்த டீமின் கணக்கில் போகும். முந்தைய டைரக்டர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தவர். டீம் டீமாக நடந்து பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். தாளில் இல்லாதது அவர் தலையில் இருந்தது. அவர் ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

2. "எங்க? காட்டுங்க"

புதிய டைரக்டர் ரமணன் பெங்களூர் கிளையில் இருக்கிறார். சென்னைக்காரர். சத்தம் போட மாட்டார். அன்று மதியம் வீடியோ அழைப்பில் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"லீலா மேடம், நோட்டிஃபிகேஷன் டீம்ல எத்தனை பேர்?"

"லீடோட சேர்த்து ஆறு."

"ஆறு பேருக்கு ரெண்டு பட்டை. மூணு மாசத்துக்கு."

அந்த இரண்டும் அவர்களுடைய சொந்த வேலைகள். எஸ்.எம்.எஸ். அனுப்பித் தரும் நிறுவனத்தை மாற்றுவது ஒன்று. பழைய ஈமெயில் படிவங்களைச் சுத்தம் செய்வது இன்னொன்று.

"அவங்க மத்த எல்லா டீமுக்கும் வேலை செய்றாங்க" என்றேன்.

"எங்க? காட்டுங்க."

காட்ட ஒரு கோடுகூட இல்லை.

"நீங்க சொல்றதை நம்பலன்னு நான் சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை நான் மேல கொண்டுபோறது இந்தத் தாளைத்தான். உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. அங்க முதல்ல கேப்பாங்க, எந்த டீம்ல ஆள் சும்மா இருக்குன்னு. இப்போதைக்கு என் யோசனை, இந்த டீமைக் கலைச்சிடலாம். அஞ்சு பேரை மத்த டீம்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடலாம். லீடுக்கு இடம் இல்ல, அவரைப் பெஞ்சுல வைக்கணும். வியாழக்கிழமை ரிவ்யூல முடிவு பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி செல்வின்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. மீட்டிங்ல திடீர்னு கேக்க வேண்டாம்."

பெஞ்ச் என்றால் வேலை இருக்கும், டீம் இருக்காது. சில மாதங்களுக்குள் வேறு டீம் ஏதாவது ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ராஜினாமா கேட்பார்கள். இருபத்தைந்து வயதில் பெஞ்சுக்குப் போனவர்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். செல்வினுக்கு நாற்பத்து நாலு. அந்த வயதில் லீடாக இருந்து பெஞ்சுக்குப் போனவர் எவரும் எங்கள் கட்டடத்தில் திரும்பி வந்ததில்லை.

3. செல்வின் சொன்னது

செவ்வாய்க்கிழமை கேண்டீனில், கூட்டம் குறைந்த பிறகு, செல்வினிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ரமணன் சொன்னதை அதே வரிசையில் சொன்னேன். அவர் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை.

"அப்போ நாங்க ஒண்ணும் செய்யல்லன்னு ஆயாச்சு."

"தாள்ல அப்படித்தான் இருக்கு. யாருக்கெல்லாம் என்ன செய்து தாறேன்னு சொல்லியிருக்கீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னார். பில்லிங்குக்கு ஒன்று. லேபுக்கு இரண்டு. பார்மசிக்கு இரண்டு. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மூன்று. ஆக எட்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டேன். அதையும் யோசிக்காமல் சொன்னார். மனதில் எல்லாம் சுத்தமாக இருந்தது. கூட்டிப் பார்த்தால், அவர்களுடைய சொந்த வேலை இரண்டையும் தள்ளிவைத்தால்கூட இதில் ஐந்துதான் அந்தக் குவார்ட்டரில் அடங்கும். மூன்று வெளியே நிற்கும்.

"போன குவார்ட்டர்ல எப்படி முடிச்சீங்க?"

"சனிக்கிழமையும் இருந்தோம். பிள்ளைங்க முணுமுணுத்ததுவ. முடிச்சோம்."

"கேட்ட டீம்கள் இப்ப கோடு போட்டா, உங்க டீம்ல ஆள் போதாதுன்னே தாள் காட்டும். கலைக்கிற பேச்சே வராது. ஆனா மூணு கோடு சிவப்பா நிக்கும். அந்த மூணும் இந்தக் குவார்ட்டர்ல முடியாதுன்னு நீங்க எழுதணும்."

"அப்போ வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அக்கா, டீம் போனா கம்பெனி எடுத்துதுன்னு சொல்லலாம். செய்து தாறேன்னு சொல்லியாச்சு. இனி முடியாதுன்னு எழுதினா, அது செல்வின் மாறினதாக்கும். ஜெயனுக்க கூட எத்தனை வருஷமா வாறேன். எந்த வாய வச்சி சொல்ல?"

அவரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்க வாக்க நீங்க காப்பாத்துங்க. மத்த அஞ்சு பேருக்கிட்டயும் கேட்டீங்களா? ஆதிரா பிரசவ லீவு முடிஞ்சு போன மாசந்தான் வந்திருக்கா. இனி புது டீம், புது லீட், புது வேலை. உங்க வாக்குக்கு அவ எதுக்குக் காவல் நிக்கணும்?"

அவர் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்தார்.

"நான் போய் யாருக்கிட்டயும் எழுதித் தான்னு கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்காண்டாம். நான் கேக்குதேன். அவங்க எழுதினா நீங்க நேர்மையா பதில் போடணும். முடியும்னா முடியும். முடியாதுன்னா முடியாது."

"பாக்குதேன்" என்றார். அவர் வாயிலிருந்து "செய்து தாறேன்" வராமல் "பாக்குதேன்" வந்ததை நான் முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

4. எழுதியவர்களும் எழுதாதவரும்

புதன்கிழமை காலை முதல் டீம் டீமாகப் போனேன். ரிஜிஸ்ட்ரேஷன், பார்மசி லீட்கள் இரண்டு பேரும் காரணத்தைக் கேட்டதும் எழுதிவிட்டார்கள். ஒருவர், "இத்தனை நாளும் இது தாள்ல இல்லியா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

பிந்து தயங்கினார். "எழுதினா எனக்க டேட் மாறுமா சேச்சி? அதாக்கும் எனக்குப் பயம்."

"மாறலாம். எழுதாம விட்டாலும் மாறும். ஜூன் கடைசியில தெரியும், அவ்வளவுதான்."

எழுதினார். இரண்டு கோரிக்கை. மதியம் செல்வினையும் அவரையும் சின்ன மீட்டிங் அறையில் உட்கார வைத்தேன். வண்டியில் வேண்டாம் என்று வேண்டுமென்றே நினைத்தேன். வண்டியில் எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள்.

முதல் கோரிக்கை, ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான முடிவு வந்தால் டாக்டர் போனுக்கு உடனே எச்சரிக்கை போவது. செல்வின் ஒப்புதலை அழுத்தினார். இரண்டாவது, ஒவ்வொரு டாக்டருக்கும் வாரம் ஒருமுறை பரிசோதனைகளின் சுருக்கம். செல்வின் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிந்துவைப் பார்க்கவில்லை.

"பிந்து, இது... இந்தக் குவார்ட்டர்ல முடியாது."

பிந்து அவர் பக்கம் திரும்பினார்.

"இது எப்போ தெரியும் சேட்டனுக்கு?"

"நீங்க கேட்ட அன்னைக்கே."

"எனக்க அம்மோ. அன்னைக்கே பறஞ்சிருந்தா நான் என்ன செய்வேன்? கடிப்பேனா? அந்தச் சுருக்கம் யாருக்கும் அவசரமே இல்ல. நீங்க சரின்னு சொன்னதுனாலதான் நான் ஏப்ரல்ல போட்டது."

செல்வின் சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மறுப்பையும் யாரும் பக்கத்தில் உட்காராமலேயே அவர் எழுதினார். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஒன்று, பார்மசிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே, எந்தக் குவார்ட்டரில் முடியும் என்றும் எழுதினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். எட்டில் மூன்று போனால் ஐந்து. சொந்த வேலை இரண்டையும் தள்ளிவைத்தால்தான் அந்த ஐந்தும் அடங்கும் என்று முன்பு சொன்னேன். செல்வின் தன் சொந்த வேலைகள் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டார். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. எஸ்.எம்.எஸ். நிறுவனத்தை மாற்றுவதற்கு ஒப்பந்தம் முடியும் தேதி இருந்தது; அதைத் தள்ளினால் எந்தச் செய்தியுமே போகாது. அதைத் திரும்ப உள்ளே வைத்தோம். அப்போது பார்மசிக்கும் லேபுக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் எழுதி ஒப்புக்கொண்ட நான்கோடு அது ஐந்தாவது. இடம் நிறைந்துவிட்டது. ஜெயனின் தவணைச் செய்தி வெளியே நின்றது. அது வெளியே நிற்பதுகூடத் தாளில் தெரியவில்லை, அவர் எழுதவே இல்லை என்பதால்.

ஜெயனிடம் கடைசியாகத்தான் போனேன். அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, தவணை வேலை முழுக்க எங்க கையிலதான்னு ரமணன் சாருக்கிட்ட பிப்ரவரியிலயே சொல்லியாச்சு. அதைக் கேட்டுத்தான் எனக்கு ரெண்டு ஆளு கூடத் தந்தது. கஸ்டமருக்கு ஜூன்னு தேதியும் குடுத்தாச்சு. இனி அதுல செல்வினுக்க பேர எழுதினா, என்னைக் கள்ளன்னு நினைப்பாரு."

"அவரு டீமே போகப்போகுது ஜெயன்."

"போவாது அக்கா. மத்தவங்க எழுதியாச்சுல்லா? அது போதும்."

"ஒருவேளை போயிட்டா, உங்களுக்க மெசேஜ யாரு செய்வா?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "செல்வின் எங்க இருந்தாலும் எனக்குச் செய்து தருவான்."

அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். மாலை ஐந்து மணிக்குத் தாள் மூடியது. பில்லிங் வரிசையில் தவணை வேலையின் பட்டை கோடு எதுவும் இல்லாமல் சுத்தமாக நின்றது. வண்டிக்குப் போகும் வழியில் செல்வின் அதைப் போனில் திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியில் ஜெயனோடு வழக்கம்போலத்தான் பேசிக்கொண்டு வந்தார். பிந்து இறங்கிய பிறகு கிரிக்கெட் பற்றி.

5. ரிவ்யூ

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ரிவ்யூ. லீட்கள் எல்லாரும் எங்கள் பெரிய மீட்டிங் அறையில், ரமணன் திரையில். வரிசை வரிசையாகப் போனார். நோட்டிஃபிகேஷன் வந்தபோது நிறுத்தினார். திங்கட்கிழமை இரண்டு பட்டை இருந்த இடத்தில் இப்போது கோடுகள். நான்கு பச்சை, மூன்று சிவப்பு.

"இது மூணு நாள்ல வந்ததா?" என்று என்னைக் கேட்டார்.

"வேலை முன்னாடியே இருந்தது. எழுத்து மூணு நாள்ல வந்தது."

"கலைக்கிறதைத் தடுக்க ரெடி பண்ணதான்னு யாராவது கேட்டா?"

பிந்து மைக்கை இழுத்து, ஆங்கிலத்தில், எச்சரிக்கைச் செய்தி இல்லாவிட்டால் தன் டீமின் ஜூன் வெளியீட்டை எந்த மருத்துவமனையும் ஏற்காது என்று சொன்னார். முந்தைய வெளியீட்டில் செல்வினின் டீம் செய்துகொடுத்ததையும் சொன்னார். எழுதிக் கேட்ட மற்ற இருவரும் தங்களுடையதைச் சொன்னார்கள். ரமணன் குறித்துக்கொண்டார். கலைப்பது பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை. செல்வின் குனிந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பில்லிங்.

"ஜெயன், தவணை. ஜூன் ரெண்டாவது வாரம். இது யாரையும் நம்பி இல்ல, ரைட்?"

"இல்ல சார்."

ரமணன் அடுத்த வரிசைக்குப் போகத் திரையை நகர்த்தினார். அப்போது செல்வின் பேசினார். குரலை உயர்த்தவில்லை. தமிழில்தான் பேசினார், எல்லாருக்கும் புரியும்படி மெதுவாக.

"அப்போ ஜெயனுக்க அந்த ஏழு மொழி மெசேஜ நாங்க எடுக்கல சார். தாள்ல இல்லாததுனால சொல்லுதேன்."

திரை நின்றது. "எந்த மெசேஜ்?"

ஜெயன் செல்வினைப் பார்த்தார். செல்வினும் அவரைப் பார்த்தார், இந்த முறை கண்ணை எடுக்காமல். எனக்கு வாய் வரை வந்தது, பேசவில்லை. கேட்ட டீம்தான் எழுத வேண்டும் என்றால், கேட்ட டீம்தான் சொல்லவும் வேண்டும்.

"ஒரு டிபெண்டென்சி உண்டு சார்" என்றார் ஜெயன். "எழுதல்ல."

"ஏன்?"

"அது... வண்டியில பேசினது."

"எந்த வண்டி?"

விளக்க வேண்டியதாயிற்று. பாசஞ்சர், பெட்டி, யார் எங்கே ஏறுவார்கள் என்பது வரை பிந்து விளக்கினார். ரமணன் சிரிக்கவில்லை.

"அப்ப எனக்குத் தெரியாம தினமும் காலைல ஒரு பிளானிங் மீட்டிங் ஓடிட்டிருக்கு."

"சனி, ஞாயிறு லீவு சார்" என்றார் செல்வின்.

அதற்குத்தான் ரமணன் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முடிவுகளைச் சொன்னார். நோட்டிஃபிகேஷன் டீம் அப்படியே இருக்கும். ஜெயனின் தவணை வேலை, செய்தி இல்லாமல் வெளியே விட முடியாது என்பதால், அடுத்த குவார்ட்டருக்குப் போகும். அதற்கென்று ஜெயனுக்குக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் ஜூன் வரை செல்வினின் டீமில் உட்காருவார். ஜூன் என்று கேட்டுக்கொண்டிருக்கும் கஸ்டமரிடம் தேதி மாறியதைத் திட்டமிட்டவர்கள் சொல்ல வேண்டும். திட்டமிட்டவர்கள் என்றால் நான்.

ஜெயன் முகம் சிவந்திருந்தது. மாலை வண்டியில் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. அமரவிளையில் இரண்டு பெட்டி தள்ளி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்கு முன்பே செல்வின் ஜன்னலில் இருந்து எழுந்து வாசல் பக்கம் போயிருந்தார், ஒருவேளை ஜெயன் கை காட்டுவாரோ என்று. காட்டவில்லை. தனுவச்சபுரத்தில் இறங்கும்போது என்னிடம், "சரியாத்தான் செய்தேனா அக்கா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

6. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது

ரோடுமேப்பில் நிறைந்து கிடக்கும் வரிசையைப் பார்த்துத்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். நான் அதற்குப் பிறகு முதலில் காலியாக இருக்கும் வரிசையைப் பார்க்கிறேன். அந்த டீமின் லீடிடம் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் "ஒண்ணும் இல்ல, பரவாயில்ல" என்பார். மற்ற டீம்களிடம் கேட்கிறேன்: நாளைக்கு இந்த டீம் இல்லாவிட்டால் உங்களுடைய எந்தத் தேதி தவறும்? பதில் வந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு விடுபட்டிருக்கிறது.

இரண்டாவது, உதவியாகச் செய்த வேலை யார் கணக்கிலும் சேராது. வாங்கியவர் தன் வேலையாகச் சொல்லுவார், அதில் கள்ளம் இருக்க வேண்டியதில்லை. கொடுத்தவருக்கு ஆள் வேண்டும் என்று வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. எழுதிக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று எங்கள் பக்கத்தில் நினைத்தோம். எழுதிக் கேட்டால்தான் மற்றவருக்கு "முடியாது" என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எல்லாராலும் முடியாது.

வண்டியில் வேலை பேசக் கூடாது என்று நான் விதி போடவில்லை. போட்டாலும் நடக்காது. பேசியதை அன்று பத்து மணிக்குள் எழுதிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் போனதும் பையைக்கூட இறக்காமல் கஸ்டமர் தரப்பின் மேலாளருக்கு அழைப்புப் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது ஜெயன் வந்தார். காலை வண்டியில் அவரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சொல்லுதேன் அக்கா. தேதி குடுத்தது நானாக்கும்."

போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினேன். மறுமுனையில் எடுத்தார்கள். ஜெயன் தன் பெயரைச் சொன்னார், தவணை வசதியும் அதற்கான செய்தியும் ஜூனில் வராது என்று சொன்னார், பிறகு ஏன் என்று கேட்டதற்கு, "அதைச் செய்யற டீமுக்கிட்ட நான் சரியா கேக்கல்ல" என்பதை ஆங்கிலத்தில், ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொன்னார்.